தட்டம்மை எதிர்ப்பு: அட்டையா, ரத்தப் பரிசோதனையா, ஊசியா?

“உனக்குத்தான் சின்ன வயசுலயே அம்மை போட்டுப் போச்சே!” என்றார் அம்மா. எந்த அம்மை என்று கேட்டேன். “அம்மைதான். உடம்பெல்லாம் செவந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தே” என்பதற்கு மேல் நகரவில்லை. தட்டம்மையும் அம்மை, சின்னம்மையும் அம்மை. மணல்வாரி என்பது தட்டம்மைக்கு உள்ள பழைய பெயர். ஆனால் உடம்பில் மணல் மணலாக எது வந்தாலும் அந்தப் பெயரையே சொல்பவர்கள் உண்டு. ரூபெல்லா, வேறு சில வைரஸ் காய்ச்சல்கள், மருந்து ஒவ்வாமை எல்லாமே குழந்தையின் உடம்பில் சிவப்புத் தடிப்பைக் கொண்டுவரும். அம்மாவின் நினைவாற்றலைக் குறை சொல்லவில்லை. ‘அம்மை’ என்ற சொல்தான் போதவில்லை.

புது வேலையில் சேரும்போது ஒரு படிவம் வந்ததில்தான் இந்தப் பேச்சே தொடங்கியது. நோயாளிகள் வந்துபோகும் இடம் என்பதால் தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். மூன்றில் ஒன்று போதும். இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டதற்கான எழுத்துப் பதிவு. இல்லையென்றால் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) இருப்பதாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை முடிவு. அதுவும் இல்லையென்றால் இப்போது ஊசி. என் தடுப்பூசி அட்டை கையில் இல்லை. ஊசி என்றால் இரண்டு முறை போக வேண்டும். ரத்தம் என்றால் ஒரே குத்து, எண்ணோடு ஒரு பதில் வந்துவிடும். அறிவியல்பூர்வமான வழி அதுதானே என்று ரத்தம் கொடுத்தேன். இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது: ‘ஈக்விவோக்கல்’. இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ரத்தம் கொடுக்கும் முன்பே படித்திருக்க வேண்டியது. இப்போது யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: ரத்தம் கொடுக்கும் முன், ‘முடிவு பாசிட்டிவ் என்றால் என்ன செய்வேன், நெகட்டிவ் என்றால் என்ன செய்வேன்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தப் பரிசோதனை உங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவு கறாராக ஏன் சான்று கேட்கிறார்கள் என்று தோன்றலாம். தட்டம்மை மாதிரி பரவும் நோய்கள் மிகக் குறைவு. யாருக்குமே எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அவர் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதாவது அவருக்கே அது சளிக்காய்ச்சல் என்றுதான் தோன்றிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு இல்லாமல் அவர் பக்கத்தில் இருந்த 10 பேரில் 9 பேருக்கு நோய் ஒட்டும். ‘எதற்கும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடக்கூடிய சமாச்சாரம் இல்லை.

அட்டை

மூன்றில் சலிப்பானது இது. சந்தேகமில்லாமல் சிறந்ததும் இதுதான். முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்ட ஒரு டோஸ் தட்டம்மைத் தடுப்பூசி சுமார் 93 சதவீதம் பாதுகாப்பு தரும். இரண்டு டோஸ் சுமார் 97 சதவீதம். 9 மாதத்தில் போட்டால் பலன் கொஞ்சம் குறைவு, சுமார் 85 சதவீதம். அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி குழந்தை உடம்பில் இன்னும் மிச்சம் இருந்தால், அது தடுப்பூசி வைரஸையும் அமுக்கிவிடும். அதனால்தான் அந்தக் குறைவு. 6 முதல் 11 மாதத்துக்குள், நோய் பரவும் இடத்துக்குப் போகிறோம் என்று அவசரமாகப் போட்ட டோஸை அமெரிக்க வழிகாட்டுதல்கள் அந்த இரண்டில் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

எழுத்துப் பதிவு என்றால் எழுத்துப் பதிவுதான். தேதி இருக்க வேண்டும். ‘எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம்’ என்ற வாய்ச்சொல் செல்லாது. ‘அம்மை வந்து போய்விட்டது’ என்பதும் செல்லாது. அது தட்டம்மைதான் என்று அப்போதே லேப் உறுதி செய்திருந்தால் மட்டுமே கணக்கு. அமெரிக்காவில் ஒரு சுவாரசியமான விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். 1957-க்கு முன் பிறந்தவர்களைப் பொதுவாக எதிர்ப்பு உள்ளவர்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தடுப்பூசி அங்கே 1963-இல்தான் உரிமம் பெற்றது. அதற்கு முன் குழந்தைப் பருவத்தைக் கடந்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் நோயே வந்து போயிருக்கும் என்ற அனுமானம்தான். இன்னொரு சிறு சிக்கலும் அந்தக் காலத்தில் உண்டு. 1963 முதல் 1967 வரை செயலிழக்கச் செய்த வைரஸில் தயாரித்த தடுப்பூசி ஒன்றும் அங்கே புழக்கத்தில் இருந்தது. அது நிலைக்கவில்லை. அதை மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு இப்போதைய ஊசி மறுபடியும் வேண்டும்.

சரி, இப்போது பலரும் இடறும் இடத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு இரண்டு டோஸ் போட்ட பதிவு கையில் இருக்கிறது. இருந்தாலும் ஒரு நிம்மதிக்காக ரத்தப் பரிசோதனை செய்தார். நெகட்டிவ் என்று வந்துவிட்டது. எதை நம்புவது? அட்டையை. அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2013-இல் வெளியிட்ட பரிந்துரை இதை நேராகவே சொல்கிறது: முறையாகப் போட்ட இரண்டு டோஸுக்குப் பதிவு இருந்தால், பிறகு வரும் நெகட்டிவ் அல்லது ஈக்விவோக்கல் முடிவு அதைத் தள்ளிவிடாது, மூன்றாவது டோஸ் வேண்டியதில்லை. படித்ததும் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ரத்தத்தில் இல்லை என்று மிஷின் சொல்கிறது, காகிதத்தை நம்பு என்கிறார்களே? அந்த மிஷின் என்ன பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரிந்தபோதுதான் உறுத்தல் போனது.

ரத்தம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தட்டம்மைக்கு இரண்டு ஆன்டிபாடி பரிசோதனைகள் உண்டு: ஐஜிஎம், ஐஜிஜி. இப்போது நோய் இருக்கிறதா என்பதற்கு ஐஜிஎம். தடிப்பு வரும் சமயத்தில் ரத்தத்தில் தலைகாட்டி, சில வாரங்களில் மறைந்துவிடும். எப்போதோ நோய் வந்தோ ஊசி போட்டோ எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்பதற்கு ஐஜிஜி. சீட்டில் ‘தட்டம்மை ஆன்டிபாடி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள். எதிர்ப்பைப் பார்க்கப் போனவருக்கு ஐஜிஎம் செய்து, அது நெகட்டிவ் என்று வந்து, ‘எனக்கு எதிர்ப்பே இல்லையாம்’ என்று அவர் பயந்துபோவது நடக்கிற கதைதான். காய்ச்சல் இல்லாதவருக்கு ஐஜிஎம் நெகட்டிவாகத்தான் இருக்க வேண்டும்.

வழக்கமான லேப்களில் ஐஜிஜி-யைப் பார்ப்பது எலிசா அல்லது அதன் வழிவந்த தானியங்கி முறைகளில். வைரஸின் புரதங்களை ஒரு பரப்பில் ஒட்டிவைத்து, அதன் மேல் உங்கள் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) ஊற்றுவார்கள். பொருந்தும் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்பதை நிறமோ ஒளியோ காட்டும். மலிவான, வேகமான முறை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பார்த்துவிடலாம். ஆனால் ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு. தட்டம்மை வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துவது அதன் மேலே துருத்திக்கொண்டிருக்கும் எச் என்ற புரதத்தை; கூடவே எஃப் என்று ஒன்று. இவற்றை மறித்து நிற்கும் ஆன்டிபாடிதான் நிஜமான காவல்காரர். எலிசாவில் ஒட்டும் ஆன்டிபாடியில் பெரும்பங்கு வைரஸின் உள்ளே இருக்கும் ‘என்’ (N) என்ற புரதத்துக்கு எதிரானது. அது அதிகமாக இருக்கிறது என்றால் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். வாசலில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்று பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாக வரும்.

காவல்காரரை நேரடியாகச் சோதிக்கும் முறை வேறு. உங்கள் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலும் உயிருள்ள வைரஸோடு கலந்து, செல்கள் வளரும் தட்டில் ஊற்றுவார்கள். வைரஸ் தப்பித்துச் செல்லைத் தாக்கினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். எந்த அளவு நீர்த்தவரை ஓட்டைகள் பாதியாகக் குறைகின்றன என்று எண்ணுவார்கள். அந்த ஓட்டைக்குப் பிளாக் (plaque) என்று பெயர்; அதனால் இது பிளாக் குறைப்பு நடுநிலையாக்கச் சோதனை. இதுதான் பொன் அளவுகோல். ஆனால் உயிருள்ள வைரஸ் வேண்டும், செல் வளர்ப்பு வேண்டும், கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும், கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்களிலும் மற்ற லேப்களின் முடிவுகளைச் சரிபார்க்கும் சில உயர்நிலை ஆய்வகங்களிலும்தான் செய்கிறார்கள். நீங்களும் நானும் போகிற லேபில் கிடைக்காது.

எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு எல்லாரும் சொல்லும் எண் 120. அந்த எண் வந்த கதை எனக்குப் பிடித்தமானது. 1985-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ரத்த தானம் செய்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அங்கே தட்டம்மை பரவியது. நோய் வருவதற்கு முன் எடுத்த ரத்தம் கையில் இருக்கிறது. யாருக்கு நோய் வந்தது என்பதும் தெரியும். இப்படி ஒரு வாய்ப்பைத் திட்டம்போட்டு உண்டாக்கவே முடியாது. நடுநிலையாக்கச் சோதனையில் அளவு 120 அல்லது அதற்குக் கீழ் இருந்த 9 பேரில் 8 பேருக்குத் தட்டம்மைக்கான அறிகுறிகள் வந்தன. அதற்கு மேல் இருந்த 71 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. 1990-இல் இது வெளியானது. இன்று ‘மில்லி லிட்டருக்கு 120 மில்லி சர்வதேச அலகு’ என்று ஆய்வுக்கட்டுரைகளில் வரும் எல்லைக்கோட்டின் வேர் இந்த 80 பேர்தான். நல்ல ஆய்வு. ஆனால் 80 பேர். அதுவும் ஆன்டிபாடி எண்ணிக்கை ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று அது சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 120 நடுநிலையாக்கச் சோதனையின் 120. உங்கள் எலிசா ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரு நிறுவனத்தின் கிட் சர்வதேச அலகில் சொல்லும். இன்னொன்று தனக்கென்று வைத்துக்கொண்ட அலகில் சொல்லும். வேறொன்று வெறும் விகிதமாக, 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் ஈக்விவோக்கல் என்று சொல்லும். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் 300 என்றும் நண்பரின் ரிப்போர்ட்டில் 2.4 என்றும் இருந்தால் நீங்கள் நூறு மடங்கு பலசாலி என்று அர்த்தமில்லை. ஒரே கிட்டில்கூட, பாசிட்டிவ் கோட்டைத் தாண்டிய பிறகு எண் எவ்வளவு பெரியது என்பதற்கு நடைமுறையில் மதிப்பு அதிகமில்லை. நிஜமாக நோய் வந்தவர்களுக்கு எண் பெரிதாக இருக்கும், ஊசியால் எதிர்ப்பு பெற்றவர்களுக்குச் சிறிதாக இருக்கும். வருடங்கள் போகப்போக அது இன்னும் இறங்கும். இறங்குவதும் காலியாவதும் ஒன்றல்ல.

இங்கேதான் என் ஈக்விவோக்கலுக்கு விளக்கம் கிடைத்தது. தயாரிப்பாளர்கள் எல்லைக்கோட்டைப் பெரும்பாலும் பத்திரமாக உயரத்தில் வைப்பார்கள். எதிர்ப்பு இல்லாதவரை ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடுவது ஆபத்து. இருப்பவரை ‘தெரியவில்லை’ என்று சொன்னால் இன்னொரு ஊசியோடு போய்விடும். அதனால் ஊசியால் வந்த, மங்கிக்கொண்டிருக்கும், ஆனால் வேலை செய்யக்கூடிய ஆன்டிபாடி பல நேரம் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. இன்ன கிட் என்று இல்லை. எதிர்ப்பு உள்ளவர்களில் 8 சதவீதம் பேரை ஒரு பரிசோதனை தவறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டோஸ் போட்ட 1000 பேரை அதில் சோதிக்கிறோம். 970 பேருக்கு எதிர்ப்பு உண்டு, 30 பேருக்கு இல்லை. 970-இல் 8 சதவீதம், சுமார் 78 பேர், தவறாக நெகட்டிவ். 30 பேர் சரியாக நெகட்டிவ். மொத்தம் 108 நெகட்டிவ். அதில் 78 பேருக்கு நிஜத்தில் எதிர்ப்பு இருக்கிறது. அதாவது நெகட்டிவ் என்று வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் சும்மா பயப்படுகிறார்கள். இதே பரிசோதனையை, பாதிப் பேருக்குத்தான் எதிர்ப்பு உள்ள வேறு 1000 பேரிடம் செய்தால்? 500-இல் 40 பேர் தவறான நெகட்டிவ், 500 பேர் சரியான நெகட்டிவ். 540-இல் 40தான் பிழை. மிஷின் ஒன்றுதான், ரிப்போர்ட்டில் அச்சாகும் சொல்லும் ஒன்றுதான்; யாருக்கு வந்தது என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது. அட்டை நெகட்டிவை வெல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அட்டையே இல்லாதவருக்கு வந்த நெகட்டிவை அப்படித் தள்ளிவிட முடியாது. ஈக்விவோக்கலையும் எதிர்ப்பு இல்லை என்ற கணக்கிலேயே வைக்க வேண்டும். நான் நின்ற இடம் அதுதான்.

ரத்தப் பரிசோதனை பார்க்காமல் விடும் இன்னொரு பெரிய விஷயம் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். பிறவியிலேயே ஆன்டிபாடி உண்டாக்க முடியாத குழந்தைகள் தட்டம்மை வந்தால் பொதுவாகத் தேறிவிடுவார்கள். டி செல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குத்தான் அது உயிருக்கே உலை வைக்கும். நுழைய விடாமல் தடுப்பதில் ஆன்டிபாடிக்குப் பெரிய பங்கு. நுழைந்த பிறகு துரத்துவது டி செல்லின் வேலை. நினைவுச் செல்கள் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் உட்கார்ந்திருக்கும். வைரஸ் வந்தால் சில நாளில் ஆன்டிபாடியைக் குவித்துவிடும். வாடிக்கையான எந்த லேப் பரிசோதனையும் இதை அளப்பதில்லை.

தவறான பாசிட்டிவ் குறைவு, ஆனால் சில சந்தர்ப்பங்களில் எதிர்பார்க்க வேண்டியது. அண்மையில் இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொண்டவர் அல்லது ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் ரத்தத்தில் இருப்பது அடுத்தவர் ஆன்டிபாடி. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையிடம் இருப்பது அம்மாவுடையது. இரண்டும் கடன் வாங்கியவை, சில மாதங்களில் தீர்ந்துவிடும். இவர்களுக்கு ஐஜிஜி பார்த்து ‘இருக்கிறது’ என்று முடிவெடுக்க முடியாது.

ஊசி

தட்டம்மைக்கான ஊசி பல நாடுகளில் எம்எம்ஆர் என்ற கூட்டு ஊசியாக வருகிறது: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. வயதுவந்தவருக்கு இரண்டு டோஸ் வேண்டுமென்றால் நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி. பலர் கேட்கும் கேள்வி: ‘எனக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்து, தெரியாமல் போட்டுக்கொண்டால்?’ ஒன்றும் ஆகாது. ஊசியில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ். எதிர்ப்பு இருந்தால் அது தலையெடுக்கும் முன்பே உடம்பு அதை முடித்துவிடும். அதனால்தான் இரண்டாவது டோஸில் பக்கவிளைவுகள் முதலாவதைவிடக் குறைவாக இருக்கின்றன. இந்த ஒரு உண்மை என் தராசை முழுக்கச் சாய்த்துவிட்டது. தேவையில்லாத ஊசியால் இழப்பு என்பது கை வலியும் கொஞ்சம் நேரமும். தவறாக நம்பிய ஒரு பாசிட்டிவால் வரும் இழப்பு தட்டம்மை.

எதிர்ப்பு இல்லாதவருக்கு முதல் டோஸ் என்ன செய்யும்? 5 முதல் 15 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், பெரும்பாலும் ஊசி போட்ட மறுநாள் இல்லை, 7 முதல் 12 நாளுக்குள். சுமார் 5 சதவீதம் பேருக்கு லேசான தடிப்பு. ரூபெல்லா எதிர்ப்பு இல்லாத வயதுவந்த பெண்களில் நான்கில் ஒருவருக்குச் சில நாள் மூட்டுவலி வரலாம். இது எம்எம்ஆரில் உள்ள ரூபெல்லா பகுதியின் வேலை. பிளேட்லெட் தற்காலிகமாகக் குறைவது 30,000 முதல் 40,000 டோஸுக்கு ஒருமுறை என்ற அளவில் நடக்கும். மறைக்க ஒன்றுமில்லை, பயப்படவும் அதிகமில்லை.

பரிசோதனையோடு ஒப்பிட்டால் ஊசிக்கு இன்னொரு அனுகூலம்: மூன்று நோய்க்கும் ஒரே வேலையில் முடிகிறது. தட்டம்மை ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் மற்ற இரண்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றுக்கும் சேர்த்துப் பரிசோதிக்கலாம்தான். ஆனால் பொன்னுக்குவீங்கிக்கு ‘இவ்வளவு ஆன்டிபாடி இருந்தால் பாதுகாப்பு’ என்று நிலைநாட்டப்பட்ட எல்லையே கிடையாது.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது? கர்ப்பிணிகள். ஊசி போட்ட பிறகு 4 வாரம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று மருந்துகள், அதிக அளவு ஸ்டீராய்டு போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள். முந்தைய டோஸிலோ, ஊசியில் இருக்கும் ஜெலட்டின், நியோமைசின் போன்றவற்றாலோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள். முட்டை ஒவ்வாமை ஒரு தடையில்லை. பலர் இன்னும் அதைச் சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள். காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தால் அதை அதே நாளிலோ, முன்னதாகவோ முடித்துவிடுங்கள். இல்லையென்றால் 4 வாரம் பொறுக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொண்டவர்களும் சில மாதம் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் ரத்தம் யாருக்கு?

மேலே சொன்ன ‘கூடாது’ பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் அது நிஜமாகவே பயன்படுகிறது. ஊசி என்ற சுலபமான வழி அடைபட்டுவிட்டது. அப்போது ரத்தம் சொல்லும் பதில் செயலை மாற்றுகிறது.

கர்ப்பிணி ஒருவர், அட்டை இல்லை, வீட்டுக்கு வந்துபோன குழந்தைக்குத் தட்டம்மை உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே கடிகாரம் ஓடுகிறது. எதிர்ப்பு இல்லையென்றால் தொற்றுக்கு ஆளான 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் ஓரிரு நாளில் வந்துவிடும் ஐஜிஜி முடிவு தங்கம் மாதிரி. பாசிட்டிவ் என்றால் ஒரு பெரிய சிகிச்சை மிச்சம். எதிர்ப்புச் சக்தி ஒடுக்கும் மருந்து தொடங்கவிருப்பவருக்கும் அப்படித்தான்: தொடங்குவதற்கு 4 வாரமாவது முன்பே தெரிந்துவிட்டால் ஊசி போட்டுக்கொள்ள அவகாசம் இருக்கும். கர்ப்பத்தில் நெகட்டிவ் என்று தெரிந்தவர் பிரசவம் முடிந்ததும் ஊசி போட்டுக்கொள்ளலாம். பால் கொடுப்பது தடையில்லை. அதுவரை வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. அவர்களிடமிருந்து ஊசி வைரஸ் கர்ப்பிணிக்குத் தொற்றாது.

இதே தொற்றுச் சம்பவத்தில் கர்ப்பம் இல்லாத, ஆரோக்கியமான, அட்டை இல்லாத ஒருவர் இருந்தால்? அவர் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பதுதான் மிக மோசமான தேர்வு என்பேன். தொற்றுக்கு ஆளான 72 மணி நேரத்துக்குள் போட்ட ஊசி நோயைத் தடுக்கவோ குறைக்கவோ வாய்ப்பு உண்டு. அந்த 72 மணி நேரத்தை ரிப்போர்ட் தின்றுவிடக் கூடாது.

காய்ச்சலும் தடிப்பும் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் ஐஜிஜி-யை மறந்துவிடுங்கள். அங்கே தொண்டை அல்லது மூக்கு மாதிரியில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர், கூடவே ஐஜிஎம். தடிப்பு வந்த முதல் 3 நாளில் எடுத்தால் நோய் உள்ளவர்களில் கால்வாசிப் பேருக்கு ஐஜிஎம் நெகட்டிவாக வரலாம் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள். மற்றபடி ஐஜிஎம் தவறாகப் பாசிட்டிவ் ஆவதும் உண்டு. பார்வோ வைரஸ், ரூபெல்லா, மூட்டுவாத நோயில் ரத்தத்தில் காணப்படும் ருமட்டாய்டு காரணி எல்லாம் அதைக் குழப்பும். அண்மையில் எம்எம்ஆர் போட்டிருந்தாலும் பாசிட்டிவ்தான். போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். காத்திருப்பு அறையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

மீதி இருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள்: ஆரோக்கியம், வயதுவந்தவர், பதிவு எங்கோ தொலைந்துவிட்டது. இவர்களுக்குப் பரிசோதனை செய்தே தீர வேண்டும் என்று நான் படித்த எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை. செய்யலாம், பாசிட்டிவ் வந்தால் செல்லுபடியாகும் சான்று, ஊசிக்கு மிகவும் பயப்படுபவருக்கு அது ஒரு வழிதான், ரத்தம் எடுப்பதும் ஊசிதான் என்பதை அவர் கவனிக்காதவரை. பதிவைத் தேடிப் பார்க்கலாம்; பிறந்த இடத்துச் சுகாதார நிலையம், படித்த பள்ளி, குழந்தைப் பருவ மருத்துவர், பழைய ஃபைல்கள். ஒரு வாரம் தேடியும் கிடைக்கவில்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வதுதான் குறைந்த தொல்லை.

நான் அதைத்தான் செய்தேன். முதல் டோஸுக்குப் பிறகு ஒன்பதாம் நாள் லேசாக உடம்பு சுட்டது, அது ஊசியால்தானா என்றுகூடத் தெரியாது. இரண்டாவதுக்கு ஒன்றுமே இல்லை. முடிந்த கையோடு இன்னொரு ஐஜிஜி பார்த்துவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. பார்க்கவில்லை. பாசிட்டிவ் வந்தாலும் படிவத்தில் எழுதப்போவது இரண்டு தேதிகள்தான், நெகட்டிவ் வந்தாலும் அதே இரண்டு தேதிகள்தான். அட்டையைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். “அம்மை போட்டவங்களுக்கு எதுக்குடா ஊசி?” என்று பதில் வந்தது.